கம்ப்யூட்டருக்கு ஷோகி கற்றுக் கொடுத்தவர்!

பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேருக்கு செஸ் ஆடத் தெரியும்? தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்வி. எதிராளியின் குதிரையை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். வெட்டிய குதிரையை என்ன செய்வீர்கள்? பலகைக்கு வெளியே எடுத்து வைப்பீர்கள். அத்தோடு அதன் கதை முடிந்தது. ஆட்டம் முடியும்வரை அது ஓரமாகக் கிடக்கும்.

ஜப்பான் நாட்டுச் செஸ்ஸில் அப்படி இல்லை. வெட்டிய குதிரை உங்கள் குதிரை ஆகிவிடும்! அதைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில், காலியாக இருக்கும் ஒரு கட்டத்தில் இறக்கி, பழைய எஜமானரையே தாக்கலாம். நேற்றுவரை அந்தப் பக்கம் நின்ற சிப்பாய், இன்று இந்தப் பக்கம் நின்று ஈட்டியை நீட்டுவான். இந்த ஆட்டத்தின் பெயர் ஷோகி.

இப்படிக் கட்சி மாற வசதியாகவே ஷோகி காய்களைச் செய்திருக்கிறார்கள். கருப்பு, வெள்ளை என்று இரண்டு நிறம் கிடையாது. எல்லாக் காய்களும் ஒரே நிறம். ஐந்து மூலை கொண்ட தட்டையான மரத்துண்டுகள். மேலே ஜப்பானிய எழுத்து இருக்கும். கூரான முனை யாரை நோக்கி இருக்கிறதோ, அவர் எதிரி. காயைத் திருப்பி வைத்தால் போதும், எஜமானர் மாறிவிடுவார்.

பலகையில் 9க்கு 9, மொத்தம் 81 கட்டங்கள். ஒவ்வொருவருக்கும் 20 காய்கள்: ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி, இரண்டு தங்கத் தளபதிகள், இரண்டு வெள்ளித் தளபதிகள், இரண்டு குதிரைகள், இரண்டு ஈட்டிக்காரர்கள், ஒன்பது சிப்பாய்கள். ராணி இல்லை. எதிரியின் கடைசி மூன்று வரிசைகளுக்குள் நுழைந்தால், பெரும்பாலான காய்களைப் புரட்டிப் போட்டு, கூடுதல் பலம் பெறச் செய்யலாம். வேடிக்கையான ஒரு தடையும் உண்டு. கையில் இருக்கும் சிப்பாயை இறக்கி, அந்த நகர்த்தலாலேயே ராஜாவுக்கு 'மேட்' வைக்கக் கூடாது! பலகையில் ஏற்கெனவே நிற்கும் சிப்பாய் முன்னேறி மேட் வைக்கலாம். அதற்குத் தடை இல்லை.

கணக்கு நோட்டை எடுங்கள்!

செஸ்ஸில் ஒரு சமயத்தில் சராசரியாக 35 விதமாகக் காய் நகர்த்த முடியும் என்பார்கள். ஷோகியில் கையிலிருக்கும் காய்களை இறக்கவும் இடங்கள் இருப்பதால், சராசரியாக 80 வழிகள். நான் 80 வழிகளில் ஒன்றை ஆடுகிறேன். நீங்கள் 80 வழிகளில் ஒன்றை ஆடுகிறீர்கள். ஆக, 6,400 வகை. மூன்றாவது நகர்த்தலில் 5,12,000. நான்காவதில் 4 கோடியே 9 லட்சத்து 60 ஆயிரம். ஐந்தாவதில் 327 கோடியைத் தாண்டிவிடும்! ஷோகி ஆட்டமோ சாதாரணமாக நூறு நகர்த்தல்களுக்கு மேல் போகும்.

1997ஆம் ஆண்டு மே மாதம், 'டீப் ப்ளூ' என்ற கம்ப்யூட்டர், செஸ் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் ஷோகிக் கம்ப்யூட்டர்கள் அப்போது தொழில்முறை வீரர்களுக்குப் பக்கத்தில்கூட வர முடியவில்லை. காரணம் இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஜப்பானில் ஷோகி வெறும் பொழுதுபோக்கு அல்ல. அது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்குள் நுழைவது லேசுப்பட்ட காரியமும் அல்ல. அதற்கென்று ஒரு பயிற்சிக் கழகம் இருக்கிறது. உங்கள் வயதுப் பிள்ளைகள் அதில் சேர்ந்து, ஒருவரோடொருவர் ஆடி, படிப்படியாக மேலே ஏற வேண்டும். பொதுவாக 26 வயதுக்குள் 'நான்காம் தான்' என்ற படியை எட்டாவிட்டால் வெளியேற வேண்டியதுதான். பொதுவாக ஆண்டுக்கு நான்கு பேர்தான் தேறுகிறார்கள். இப்படிப் பாடுபட்டு வந்தவரை ஒரு இயந்திரம் தோற்கடித்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

வேதியியல் படித்தவர்

ஷோகி ஆடும் புரோகிராம்களை எழுதியவர்களில் பலர் தாங்களே நன்றாக ஷோகி ஆடுகிறவர்கள். "ராஜாவுக்குப் பக்கத்தில் தங்கத் தளபதி நின்றால் இத்தனை மதிப்பெண், சிப்பாய் முன்னேறினால் இத்தனை" என்று தங்கள் அனுபவத்திலிருந்து ஒவ்வொன்றாக எழுதி வைப்பார்கள். கம்ப்யூட்டர் அந்த மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து, எந்த நகர்த்தல் நல்லது என்று முடிவு செய்யும். உதவாதவை என்று தோன்றும் நகர்த்தல்களைப் பார்க்காமலே ஒதுக்கிவிடவும் சொல்லி வைப்பார்கள். மனிதர்கள் அப்படித்தானே ஆடுகிறோம்?

குனிஹிட்டோ ஹோகி இந்த வழியில் வந்தவர் அல்ல. அவர் படித்தது வேதியியல். ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, கனடா நாட்டின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். லேசர் ஒளியைக் கொண்டு மூலக்கூறுகளின் வேதிவினைகளைக் கட்டுப்படுத்துவது பற்றிய ஆராய்ச்சி அது. ஷோகியில் அவர் பெரிய ஆட்டக்காரர் அல்ல. அதை அவரே சொல்லியிருக்கிறார்.

பெரிய ஆட்டக்காரர் அல்ல என்பதால், எந்த நகர்த்தல் உதவாதது என்று அவரால் பட்டியல் போட முடியாது. எனவே, செஸ் புரோகிராம்களைப் போல எல்லா நகர்த்தல்களையும் பார்க்கும்படி எழுதினார். எது நிச்சயமாகப் பயன்படாது என்று கணக்கே காட்டிக் கொடுக்கிறதோ, அதை மட்டும் விட்டுவிடலாம்.

சரி, மதிப்பெண் போடுவது யார்? இங்கேதான் அவர் செய்தது புதுமை. மதிப்பெண்களைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

உங்கள் வகுப்பில் நடப்பதைக் கொண்டு இதைச் சொல்கிறேன். கணக்குப் பாடத்தில் இரண்டு விதமாகக் கற்றுக் கொடுக்கலாம். விதியைச் சொல்லிக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லலாம். அல்லது, போட்டு முடித்த கணக்குகள் நிறைந்த நோட்டைக் கொடுத்து, "விடையை மூடிக்கொண்டு நீயே போட்டுப் பார், பிறகு ஒப்பிட்டுப் பார்" என்று விட்டுவிடலாம். முப்பது வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது வழியில் பிள்ளை கற்றுக்கொள்வான். ஆனால் நாள் பிடிக்கும். கம்ப்யூட்டருக்கு அந்தக் கவலை இல்லையே!

ஹோகி கம்ப்யூட்டரிடம் கொடுத்த நோட்டு என்ன தெரியுமா? தொழில்முறை வீரர்களும் மற்ற பலசாலிகளும் ஆடிய பல்லாயிரம் ஆட்டங்களின் குறிப்புகள். கம்ப்யூட்டர் ஒரு ஆட்டத்தின் நடுவில் நிற்கும். "இங்கே நான் என்ன ஆடுவேன்?" என்று தன் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்கும். பிறகு வீரர் உண்மையில் என்ன ஆடினார் என்று பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. வேறாக இருந்தால், வீரரின் நகர்த்தல் மேலே வரும்படி தன் மதிப்பெண்களைக் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். சிவப்பு மை பட்ட இடத்தை மாணவன் திருத்துகிறானே, அது போலத்தான். அடுத்த நகர்த்தலுக்குப் போகும். மறுபடி திருத்தும். இப்படிப் பல்லாயிரம் ஆட்டம்!

ஆயிரக்கணக்கான மதிப்பெண்களை ஒரே நேரத்தில் திருத்துவது எப்படி? ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெட்டுப் போகுமே? இதற்கு ஹோகிக்குக் கைகொடுத்தது வேதியியல்தான். லேசரை எப்படிச் செலுத்தினால் வேதிவினை நாம் விரும்பும் பக்கம் போகும் என்று கண்டுபிடிக்க ஒரு கணித முறை உண்டு. ஏறக்குறைய அதே முறையை ஷோகி மதிப்பெண்கள் மீது அவர் பயன்படுத்தினார்.

தனிக் காயை மட்டும் பார்த்தால் போதாது என்றும் அவர் கண்டார். ராஜா ஒரு மூலையில் இருக்க, தங்கத் தளபதி எதிர் மூலையில் நின்றால் என்ன பயன்? எனவே ராஜாவையும் வேறு இரண்டு காய்களையும் சேர்த்து, மூன்று மூன்றாகப் பார்த்து மதிப்பெண் கொடுக்கும்படி செய்தார். இந்த மதிப்பெண்களின் எண்ணிக்கை பின்னாளில் கோடிகளைத் தொட்டது. இத்தனையையும் கையால் எழுத எந்த மனிதனாலும் ஆகாது.

இந்தப் புரோகிராமின் பெயர் 'பொனான்ஸா'. 2005ல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக விட்டார். அடுத்த ஆண்டு, உலகக் கம்ப்யூட்டர் ஷோகிப் போட்டியில் முதல் முறையாகக் கலந்துகொண்டது. முதல் முறையிலேயே சாம்பியன்!

டிராகன் அரசனோடு ஒரு நாள்

2005ல் கம்ப்யூட்டர்கள் பலசாலிகள் ஆகிவருவதைப் பார்த்த ஜப்பான் ஷோகிச் சங்கம், அனுமதி இல்லாமல் எந்தத் தொழில்முறை வீரரும் பொது இடத்தில் கம்ப்யூட்டரோடு ஆடக் கூடாது என்று தடை போட்டது. மானப் பிரச்சினை! பிறகு சங்கமே அனுமதி கொடுத்து ஒரு ஆட்டத்துக்கு ஏற்பாடு ஆயிற்று.

2007 மார்ச் 21. தோக்கியோ நகரம். ஒரு பக்கம் பொனான்ஸா. மறுபக்கம் அகிரா வதனாபே, வயது 22. அப்போது அவர் கையில் இருந்த பட்டம் 'ரியூஓ'. டிராகன் அரசன் என்று பொருள். ஷோகியின் மிக உயர்ந்த பட்டங்களில் அது ஒன்று.

இரண்டு பேரும் தங்கள் ராஜாவைப் பலகையின் மூலைக்குள் கொண்டுபோய், சுற்றிலும் காய்களை அடைத்து ஒளித்து வைத்தார்கள். இந்த அமைப்புக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'வளைக்குள் கரடி'. இரண்டு கரடிகளும் வளைக்குள் இருந்தபடியே சண்டை போட்டன. 112வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. வென்றவர் வதனாபே. ஆனால் ஆட்டம் எளிதாக இல்லை. அதே ஆண்டு, போட்டியிட்ட வீரரும் புரோகிராம் எழுதியவரும் சேர்ந்து, இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

அதன் பிறகு ஹோகி செய்த காரியத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2009ல், பொனான்ஸாவை எப்படி எழுதினார் என்ற முழு விவரத்தையும், வரிக்கு வரி, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். சாம்பியன் ஆன சமையல்காரர் தன் மசாலாக் கணக்கை வாசலில் ஒட்டி வைத்தது போல! போட்டியாளர்கள் எல்லோரும் படித்தார்கள். அவர் முறையைத் தங்கள் புரோகிராம்களில் சேர்த்தார்கள். ஒரு சிலரிடம் இருந்த வித்தை ஊருக்கே பொதுவாயிற்று.

பலன் உடனே தெரிந்தது. 2010ல், பொனான்ஸா உட்பட நான்கு புரோகிராம்கள் ஓட்டுப் போட்டு நகர்த்தலை முடிவு செய்யும் 'அகரா' என்ற கூட்டணி, பெண்களில் முன்னணி வீராங்கனையான இச்சியோ ஷிமிஸுவை வென்றது. 2012 ஜனவரியில், முன்பு கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குத் தடை போட்ட சங்கத்தின் தலைவரும் ஓய்வு பெற்ற பெரும் வீரருமான குனியோ யோனெநாகாவே, 68 வயதில், கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்தார். அவரை எதிர்த்த புரோகிராம் பொனான்ஸாவின் அடிப்படையில் எழுதப்பட்டது. தன் முதல் நகர்த்தலிலேயே, யாரும் செய்யாதபடி ராஜாவை நகர்த்தினார் யோனெநாகா. படித்த பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுக் குழப்பும் தந்திரம்! ஆனாலும் தோற்றுப் போனார்.

அடுத்தவர் இஸ்ஸே யமமோட்டோ. தோக்கியோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது புரோகிராம் எழுதத் தொடங்கியவர். பொனான்ஸாவின் பெயரில் முதல் எழுத்தை மட்டும் கொஞ்சம் மாற்றித் தன் புரோகிராமுக்கு வைத்தார். அதைத் தமிழில் எழுதினால் இரண்டு பெயரும் ஒன்றுபோலவே ஆகிவிடும். நமக்கு இருப்பது ஒரே 'ப' அல்லவா! ஆகவே யமமோட்டோவின் புரோகிராம் என்றே சொல்கிறேன். 2013 மார்ச் 30 அன்று அது ஷின்இச்சி சாட்டோ என்ற வீரரை வென்றது. போட்டியில் இருக்கும் தொழில்முறை வீரர் ஒருவர், அதிகாரபூர்வமான சம ஆட்டத்தில் கம்ப்யூட்டரிடம் தோற்றது அதுவே முதல் தடவை. 2017ல் 'மெய்ஜின்' என்ற பழம்பெரும் பட்டத்தை வைத்திருந்த அமஹிக்கோ சாட்டோவும் அதனிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றார். முதல் ஆட்டம் 71 நகர்த்தல், இரண்டாவது 94. இரண்டாவது ஆட்டம் நடந்தது ஹிமேஜி கோட்டையில். கம்ப்யூட்டருக்காகக் காய்களை எடுத்து வைத்தது ஒரு இயந்திரக் கை. முதல் ஆட்டத்தில் கம்ப்யூட்டரின் முதல் நகர்த்தலைப் பார்த்து எல்லோரும் திகைத்தார்கள். யானை நிற்கும் பக்கத்துத் தங்கத் தளபதியை, எந்த மனிதரும் ஆரம்பத்தில் வைக்காத இடத்தில் வைத்தது! அந்த ஆண்டோடு மனிதர், கம்ப்யூட்டர் போட்டியை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வருத்தமான செய்தியையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் மனிதனைவிடப் பலசாலி ஆனதும் புதிய சந்தேகம் ஒன்று முளைத்தது. எதிராளி வெளியே போய் வரும்போதெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டு வருகிறாரோ? 2016ல் ஹிரோயுகி மியுரா என்ற வீரர் மீது இந்தச் சந்தேகம் விழுந்தது. சங்கம் அவரை அந்த ஆண்டு முடியும்வரை ஆட விடாமல் விலக்கியது. பெரிய பட்டத்துக்கான ஆட்டமும் அவர் கையை விட்டுப் போனது. டிசம்பரில் வெளியாட்கள் கொண்ட குழு விசாரித்து, அவர் தவறு செய்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று சொன்னது. சங்கம் மன்னிப்புக் கேட்டது; அதன் தலைவர் பதவி விலகினார். ஆனால் போன ஆட்டம் போனதுதானே? ஆட்டத்தின்போது செல்போன் வைத்திருக்கக் கூடாது என்ற விதி அந்த டிசம்பரில்தான் வந்தது.

பதினேழு வயதுப் பையன்

அப்படியானால் ஷோகி செத்துவிட்டதா? இல்லவே இல்லை!

சோட்டா ஃபுஜி என்ற பையனைப் பற்றிக் கேளுங்கள். 2002ல் பிறந்தவர். 5 வயதில் தாத்தா, பாட்டி வீட்டில் ஷோகி அறிமுகம். 2016 அக்டோபரில், 14 வயதில், தொழில்முறை வீரர் ஆனார். இவ்வளவு சிறிய வயதில் அதற்கு முன் யாரும் ஆனதில்லை. எதிரே உட்கார்ந்து மனிதரோடு போராடிக் கற்றது போக, வீட்டில் கம்ப்யூட்டரோடும் ஆராய்ந்து பழகிய தலைமுறை இது.

2020 ஜூன் 28. ஃபுஜிக்கு 17 வயது. 'கிசெய்' பட்டத்துக்கான இரண்டாவது ஆட்டம். எதிரே பட்டத்தை வைத்திருந்தவர் யார் தெரியுமா? பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் பொனான்ஸாவை வென்ற அதே வதனாபே!

58வது நகர்த்தல். ஃபுஜி 23 நிமிடம் யோசித்தார். பிறகு கையில் வைத்திருந்த வெள்ளித் தளபதியை எடுத்து, தாக்குதலுக்கு அல்ல, தன் பக்கத்துக் கடைசி வரிசையில் காவலுக்கு இறக்கினார். பார்த்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைய பலமான புரோகிராம் ஒன்றை வைத்துப் பிறகு பார்த்தார்கள். 40 கோடி நகர்த்தல்களை ஆராயும்வரை, சிறந்த ஐந்து வழிகளில் அந்த வெள்ளித் தளபதி இல்லவே இல்லை. 60 கோடியை எட்டியதும் திடீரென்று அதுவே முதல் இடத்துக்கு வந்தது!

அந்த ஆட்டத்தை ஃபுஜி வென்றார். ஜூலை 16ல் பட்டத்தையும் வென்றார். 2023 அக்டோபரில் ஷோகியின் எட்டுப் பெரிய பட்டங்களும் ஒரே சமயத்தில் அவர் கையில் இருந்தன. ஹோகி, தோக்கியோவுக்கு அருகே உள்ள மின்தொடர்புப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். அவருடைய பொனான்ஸா 2013ல் மீண்டும் ஒருமுறை கம்ப்யூட்டர் உலக சாம்பியன் ஆனது.

நீங்களும் ஆடலாம்!

ஷோகிப் பலகை இங்கே கிடைப்பது கடினம். அதனால் என்ன? 2008ல் மடோகா கிடாவோ என்ற வீராங்கனை குழந்தைகளுக்காக ஒரு குட்டி ஷோகி அமைத்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இருந்தால் இன்றே செய்துவிடலாம். அகலத்தில் 3, நீளத்தில் 4, மொத்தம் 12 கட்டங்கள் வரையுங்கள். ஆளுக்கு நான்கு காய்கள். உங்கள் கடைசி வரிசையில் இடப்பக்கம் யானை, நடுவில் சிங்கம், வலப்பக்கம் ஒட்டகச்சிவிங்கி. சிங்கத்துக்கு முன்னால் கோழிக்குஞ்சு.

எல்லாக் காய்களும் ஒரு கட்டம்தான் நகரும். சிங்கம் எட்டுத் திசையிலும் போகும். ஒட்டகச்சிவிங்கி நேராகவும் பக்கவாட்டிலும், யானை குறுக்கே மூலைவாட்டில், குஞ்சு முன்னால் மட்டும். குஞ்சு எதிரியின் கடைசி வரிசைக்கு நடந்து போனால் கோழி ஆகும். பின்பக்க மூலைகள் இரண்டைத் தவிர எல்லாப் பக்கமும் நகரும். வெட்டிய காய் உங்களுக்கு; காலிக் கட்டத்தில் இறக்கலாம். வெட்டுப்பட்ட கோழி மறுபடி குஞ்சாகிவிடும். எதிரியின் சிங்கத்தைப் பிடித்தால் வெற்றி. அல்லது, உடனே வெட்டுப்படாத இடமாகப் பார்த்து உங்கள் சிங்கம் எதிரியின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தாலும் வெற்றிதான்.

இந்தக் குட்டி ஆட்டத்தையும் கம்ப்யூட்டர் விடவில்லை. 2009ல் தெத்சுரோ தனாகா என்ற தோக்கியோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், இதில் வரக்கூடிய 24 கோடிக்கு மேற்பட்ட நிலைகளையும் கணக்கிட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு தப்புக்கூடச் செய்யாமல் ஆடினால், 78வது நகர்த்தலில் இரண்டாவதாக ஆடுபவர் ஜெயிப்பார்! ஆகவே அண்ணனோடோ தங்கையோடோ ஆட உட்காரும்போது, "நீயே முதலில் ஆடு" என்று தாராளமாக விட்டுக் கொடுங்கள். காரணத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.